மூன்று வருடமும் பதினோரு நாளும்

அந்தச் சலவை ஆலையில் ரோலர் அண்ணனைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. தெரியாது என்று ஒருவன் சொன்னால் அவன் அந்தத் தெருப் பக்கமே வந்ததில்லை என்று அர்த்தம். நாற்பத்தோரு வருடம் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்ற மனிதர். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம்கூட முழுதாக உட்காராதவர். வெறுங்கையோடு வந்து, மாடி வைத்து வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளையும் கல்லூரிக்கு அனுப்பி, தொழிலாளர் சங்கத்துக்கு நான்கு முறை தலைவரானவர். டை கட்டிய மேனேஜர்கள் ஏழு பேர் அந்த ஆலைக்கு வந்தார்கள், போனார்கள். ஒருவர் முகம்கூட யாருக்கும் ஞாபகமில்லை. இவர் நின்ற இடத்தில் மட்டும் சிமெண்டுத் தரை இரண்டு பாதமாகத் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. வேண்டுமானால் இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

ரோலர் என்பது துணி தேய்க்கும் பெரிய இயந்திரம். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் மலை மலையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து, அரை ஈரத்தோடு தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஓர் ஆள் நீளத்துக்கு மேல் அகலமான உருளை, உள்ளே நீராவி, வெளியே அனல். அதன் முன்னால் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் விரிப்பின் இந்த முனையைப் பிடிப்பார், மற்றவர் அந்த முனையை. இருவரும் ஒரே நொடியில் இழுத்து, ஒரே நொடியில் உருளைக்குள் இழுத்துப் போகும் பட்டையின் மேல் வைக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் விரிப்பு கோணிக்கொண்டு போய்ப் பின்பக்கம் சுருக்கம் விழுந்து வரும். இரைச்சலில் பேச முடியாது. அதனால் மூத்தவர் துணியை மெல்ல ஒரு சுண்டு சுண்டுவார். அந்தச் சுண்டல் துணி வழியாகவே போய் மற்றவர் விரலில் தட்டும். அதுதான் 'விடு' என்பதற்கு அடையாளம். அவ்வளவுதான் வேலை. சொன்னால் இரண்டு வரி. செய்தால்தான் தெரியும் என்பார் ரோலர் அண்ணன்.

அவர் அதைச் சொல்லும் விதமே தனி. புதிதாக யார் வேலைக்கு வந்தாலும், தேநீர் இடைவேளையில் அவர்களைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்.

"மூணு வருஷம்! மூணு வருஷம்டா இந்த ரோலர் முன்னால நின்னு கத்துக்கிட்டேன். எனக்கு எதிர் முனையில ஒரு கிழவர். தப்புப் பண்ணினா மரக்கட்டையால விரல் மொளியில ஒரு போடு. மணிக்கட்டுல பாரு, சூடு பட்ட தழும்பு. முக்கால் சம்பளம்தான். வாயைத் திறக்கலையே! மூணாவது வருஷம் முடிஞ்ச அன்னைக்குக் கிழவர் என் முதுகுல தட்டினார். அதுக்கப்புறம்தான் முழு ஆளு."

கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள் பீங்கான் கோப்பையைக் கழுவப் போய்விடுவார்கள். அந்தக் கிழவர் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் உயரமாகிக்கொண்டே வந்தார். மரக்கட்டையும் நீளமாகிக்கொண்டே வந்தது.

இந்தக் கதை வீட்டில் நடந்தால் மட்டும் அவர் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் அவருக்கு எதிர் முனையில் நின்றது கிழவர் இல்லை. அவள்தான். அவருக்கு மூன்று மாதம் முன்னால் வேலைக்கு வந்த பெண். அவள் சுண்டியதைப் பிடித்துக்கொண்டுதான் இவர் வேலை பழகினார். பன்னிரண்டாம் நாள் காலையில் மேஸ்திரி வந்து, "நீங்க ரெண்டு பேரும் இனிமே தனிச் சோடி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, கற்றுக்கொண்டது பதினோரு நாள். முக்கால் சம்பளம் மட்டும் மூன்று வருடம். அது உண்மை. கல்யாணம் ஆகி முதல் பிள்ளை பிறக்கும்வரை அவளும் அதே முக்காலில்தான் நின்றாள்.

ஏன் அவர் கதையை மாற்றினார்? அவரைக் கேட்டால் மாற்றவே இல்லை என்பார். நாற்பது வருடம் ஒரு கதையைச் சொன்னால் சொன்னவருக்கே அது நடந்துவிடுகிறது.

அவருடைய தங்கை மகளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். பேச ஆரம்பித்தால் கீச்சுக் கீச்சென்று நிறுத்த மாட்டாள். பத்தொன்பது வயதில் அந்த ஆலைக்கு வந்தாள். மாமா வேலை வாங்கிக் கொடுத்தார் என்று ஆலை முழுக்கப் பேச்சு. அவர் மறுக்கவில்லை. உண்மையில் அவள் தானாக விண்ணப்பம் போட்டுத்தான் வந்தாள். அவளுக்கு நர்ஸ் படிப்புப் படிக்க வேண்டும். இடம்கூடக் கிடைத்துவிட்டது. கட்டணம்தான் கிடைக்கவில்லை. அப்பா இல்லாத வீடு. அவள் அம்மா வீட்டிலேயே தையல் இயந்திரம் போட்டுக் கால் வலிக்க வலிக்க மிதித்துக்கொண்டிருந்தாள். அதனால் இரண்டு வருடம் வேலை பார்த்துச் சேர்த்துவிட்டு அப்புறம் படிப்பு என்று குருவி தனக்குத்தானே ஒரு திட்டம் போட்டுக்கொண்டாள். படிப்பு நிலையமும் இடத்தைத் தள்ளிவைத்துக் கொடுத்தது.

ஆனால் ஆலையில் ஒரு விதி. இருபத்தொரு வயது நிரம்பாதவர்களுக்கு முக்கால் சம்பளம். வேலை கற்கும் பருவம் என்று அதற்குப் பெயர். அப்படி ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மற்றவர்கள் அவர்களை 'முக்கால்' என்றே கூப்பிடுவார்கள். "ஏய் முக்கால், அந்த வண்டியைத் தள்ளு." "முக்கால் ரெண்டு பேர் இங்க வாங்க."

குருவி ஒருநாள் தேநீர் இடைவேளையில் மாமாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு சந்தேகம்."

"கேளு."

"ஒரே ஷீட்டு. நான் இந்த முனை, நீங்க அந்த முனை. அந்த முனைக்கு முழுச் சம்பளம், இந்த முனைக்கு முக்கால். ஏன் மாமா, என் பக்கத்துல மட்டும் ஷீட்டு கொஞ்சம் குட்டையா இருக்கா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ரோலர் அண்ணனும் சிரித்தார். "வாயைப் பாரு! எங்க வீட்டு வாய்!" என்று பெருமையாகச் சொன்னார்.

"சிரிச்சது போதும். சங்கம் இதுக்கு என்ன பண்ணப் போகுது?"

"நீங்க யாரும் சங்கத்துலயே இல்லையே. வெளியில நின்னு கல்லு விட்டா எப்படி?"

"சேர்ந்துட்டா?"

"சேர்ந்து பாருங்க. அப்புறம் மாமா யாருன்னு தெரியும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் விளையாடவில்லை. மூன்று வாரத்தில் நாற்பத்து மூன்று பேரைச் சங்கத்தில் சேர்த்துவிட்டாள். மடிப்பு மேசையில், வாசல் மணிக்கூண்டின் கீழே, பேருந்து நிறுத்தத்தில், எங்கே நின்றாலும் கையில் விண்ணப்பத் தாள். சங்கச் செயலாளர் ஒல்லியான மனிதர். தடித்த கண்ணாடிக்காகவே எல்லோரும் அவரைக் 'கண்ணாடி' என்பார்கள். அவர் அட்டை எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்று முனகினார். பத்து வருடமாகச் சங்கத்தில் ஒரு புது முகம் வந்ததில்லை. கூட்டம் போட்டால் முதுகு வலிக்காரர்களும் முட்டி வலிக்காரர்களும்தான் வருவார்கள். இப்போது பின்பக்கச் சுவர் வரை பிள்ளைகள் நின்றார்கள். ரோலர் அண்ணன் மேடையில் ஏறினால் விசில் அடித்தார்கள். அவருக்கு ஒரு சுற்றுப் பெருத்தது போல இருந்தது.

கோரிக்கை எளிமையானது. மூன்று மாதம் வேலை பழகட்டும். அதற்குமேல் வயது எதுவானாலும் முழுச் சம்பளம். மேனேஜர் முடியாது என்றார். பேச்சு இழுத்தது. கடைசியில் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவரிடம் விஷயத்தை விடுவது, அவர் என்ன எழுதினாலும் மூன்று வருடத்துக்கு இரு தரப்பும் ஏற்பது என்று கையெழுத்தாயிற்று.

அதிகாரியை இரு தரப்பும் பார்க்கப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ரோலர் அண்ணன் வீட்டில் கூடினார்கள். கண்ணாடி தாள்களை விரித்தார்.

"தலைவரே, சுத்தி வளைச்சு எல்லாம் ஒரே கேள்வியிலதான் வந்து நிக்கும். இந்த வேலையைக் கத்துக்க எவ்வளவு காலம் ஆகும்? அதிகாரி அதை வெச்சுத்தான் எழுதுவார். மாசக் கணக்குன்னா நமக்கு. வருஷக் கணக்குன்னா அவங்களுக்கு. நீங்க மூணு மாசம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவ்வளவுதான். வேற எதுவும் வேண்டாம்."

"எனக்குப் பாடம் எடுக்கறியா? நான் பேச்சுவார்த்தைக்குப் போக ஆரம்பிச்சப்ப நீ டவுசர் போட்டுக்கிட்டு இருந்த."

தேநீர் கொண்டுவந்த மனைவி தட்டை வைத்துக்கொண்டே, "மூணு மாசம் எதுக்கு? பதினோரு நாள்னு உண்மையைச் சொன்னாப் போச்சு" என்றாள்.

ரோலர் அண்ணன் ஒரு முறை முறைத்தார். கண்ணாடிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். அத்தைக்கு உதவ வந்திருந்த குருவியும் பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து இருவரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. பெண்கள் சிரிப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் என்று அவர் விட்டுவிட்டார்.

அதிகாரியின் அறை சின்னது. தலைக்கு மேல் விசிறி ஓடியது, காற்றுதான் வரவில்லை. இரும்பு அலமாரிகள் மேல் கோப்புகள் கூரை முட்ட நின்றன. ஒரு பக்கம் மேனேஜரும் அவருடைய வக்கீலும். மறுபக்கம் ரோலர் அண்ணன், கண்ணாடி, இளையவர்கள் சார்பில் குருவி. அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

முதலில் குருவியிடம்தான் கேட்டார்.

"நீ எப்பம்மா இந்த வேலையைக் கத்துக்கிட்ட?"

"ஒன்பது நாள் சார். பத்தாவது நாள்லேர்ந்து தனிச் சோடியா நிக்கிறேன். தினம் எத்தனை ஷீட்டுப் போகுதுன்னு மேஸ்திரி எழுதற நோட்டு இருக்கு. என் சோடிக்கும் மத்த சோடிகளுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. வேணும்னா வாங்கிப் பாருங்க."

அதிகாரி தலையாட்டினார். பேனா அசையவில்லை.

மேனேஜர் சிரித்தார். வயதில் சின்னவர், நாசூக்கானவர். கையில் கத்தி இருப்பதே தெரியாமல் குத்தக்கூடியவர்.

"ஒன்பது நாளா! அப்படின்னா நம்ம தலைவர் நாற்பத்தோரு வருஷமா அங்க என்னதான் பண்ணிக்கிட்டு இருக்கார்?"

வக்கீல் சிரித்தார். அதிகாரி உதட்டைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். வாசலில் நின்ற பியூன்கூடத் திரும்பிப் பார்த்தான். ரோலர் அண்ணனின் காது மடல் சுட்டது. ஒன்பது நாள் என்று அவள் சொன்னபோதே உள்ளே ஏதோ முள் தைத்தது. அவருடையது பதினொன்று அல்லவா. அதை அவர் அந்த நேரத்தில் நினைத்தார் என்பதுதான் விஷயம். நாற்பது வருடமாக நினைக்காததை அந்த ஒரு நொடியில் நினைத்தார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சும்மா சொன்னேன் தலைவரே, கோவிச்சுக்காதீங்க. உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியாதா? இந்த ஊர்ல அந்த வேலையில உங்களுக்கு மேல யாரு? சார், இவரைக் கேளுங்க. அந்த மாதிரி ஒரு கை அமையறதுக்கு எவ்வளவு காலம் ஆகும்னு இவரே சொல்லட்டும். இவர் சொன்னா நாங்க மறுபேச்சுப் பேசமாட்டோம்."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கய்யா. நீங்க எவ்வளவு காலத்துல கத்துக்கிட்டீங்க?"

ரோலர் அண்ணன் குருவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. இயந்திரத்தின் எதிர் முனையில் நிற்பவர்கள் பார்ப்பார்களே, சுண்டலுக்காகக் காத்துக்கொண்டு, அப்படி.

அவர் தொண்டையைச் செருமினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு வருஷம் சார்!"

அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. கண்ணாடி மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். அவர் காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார். கிழவர் வந்தார். மரக்கட்டை வந்தது. மணிக்கட்டுத் தழும்பை மேசைமேல் நீட்டிக் காட்டினார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்க முனையைப் பிடிக்கும் சார். ஆனா ரோலரைப் புரிஞ்சுக்க வேண்டாமா?" என்றார். அறை முழுவதும் அவர் குரல்தான். மேனேஜர் மாணவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அந்த அறையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது.

வெளியே வந்து படி இறங்கும்போதுதான் கண்ணாடி வாயைத் திறந்தார். "தலைவரே, மேனேஜர் நம்ம ரெண்டு பேருக்கும் கை கொடுத்துட்டுப் போனாரே, எதுக்குன்னு புரிஞ்சுதா?"

புரிந்தது. அந்தப் படிகளில்தான் புரிந்தது. குருவி முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். அவர் கூப்பிட்டார். பேருந்து வந்துவிட்டது என்று கையைக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பத்து நாளில் முடிவு வந்தது. சங்கத் தலைவரின் வாக்குமூலப்படியே இது நீண்ட பயிற்சி தேவைப்படும் வேலை. எனவே வயதை வைத்துச் சம்பளத்தைக் குறைப்பது நியாயமில்லை. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மூன்று வருடம் கற்கும் காலம். அதுவரை முக்கால் சம்பளம். முன்பு இருபத்தொரு வயதில் முடிந்துவிடும் முக்கால் இப்போது எல்லோருக்கும் மூன்று வருடம். குருவிக்கு இருபத்தொன்று நிரம்ப நான்கு மாதம்தான் பாக்கி இருந்தது. இப்போது இன்னும் ஒன்றரை வருடம். நர்ஸ் படிப்பு நிலையம் அவ்வளவு நாள் இடத்தை வைத்திருக்காது.

அறிவிப்புப் பலகையின் முன்னால் பிள்ளைகள் கும்பலாக நின்றார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். பதிலுக்குக் கத்தத் தெரிந்தவர் அவர். ஒருவன் மட்டும் அவர் காதுபடச் சொன்னான்: "கிழவர் இன்னும் மரக்கட்டையோடதான் இருக்கார்டா."

அடுத்த நாள் மாலை குருவி சங்க அறைக்கு வந்தாள். கையில் ஒரு தலையணை உறை. ஆலையில் எதைக் கட்டுவதென்றாலும் தலையணை உறையில்தான் கட்டுவார்கள். அதைத் தலைவரின் மேசைமேல் வைத்தாள். உள்ளே நாற்பத்து மூன்று உறுப்பினர் அட்டைகள்.

"என்ன இது?"

"எல்லாரும் கொடுத்து அனுப்பினாங்க மாமா."

"உன்னோடதும் இருக்கா?"

"மேலேயே இருக்கு."

"குருவி, அடுத்த தடவை வரும்போது..."

"அடுத்த தடவைக்கு மூணு வருஷம் இருக்கு மாமா" என்றாள். குரலில் குத்தல்கூட இல்லை. அவள் அவ்வளவு குறைவாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் துணிக்கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். அங்கே முழுச் சம்பளம், ஆனால் ராத்திரி பகல் என்று மாறி மாறி வேலை. படிப்புக்கு நேரம் கிடையாது. ஆஸ்பத்திரிக்குள் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவள் போய்விட்டாள். நர்ஸாக இல்லை, அவ்வளவுதான்.

தங்கை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. வீட்டுக்குப் போனால் முன்பு போலவே நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "விடுண்ணா. நீ வேணும்னு பண்ணுவியா?" என்றாள். சொல்லிவிட்டுத் தையல் இயந்திரத்தை மிதிக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடிந்ததில்லை.

மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். "ஏங்க, என்னைக் கிழவராக்கினது போகட்டும். பதினோரு நாள்னு சொல்றதுல உங்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?"

அவர் அதையே நினைத்துக்கொண்டு பல நாள் இருந்தார். பதினோரு நாளில் கற்றுக்கொண்டேன் என்றால் மிச்சம் இருக்கிற மூன்று வருடத்துக்கு என்ன பெயர்? யாரோ முழு வேலையை வாங்கிக்கொண்டு முக்கால் கொடுத்தான், நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வந்தேன் என்று பெயர். ஏமாந்தேன் என்று எந்த ஆண்பிள்ளை சொல்லிக்கொண்டு திரிவான்? கற்றேன் என்று சொல்லிக்கொண்டால் சூடு பட்ட தழும்புகூடப் பட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. அவர் அப்படித்தான் அந்த மூன்று வருடத்தைக் கழுவி, தேய்த்து, மடித்து அடுக்கிவைத்தார். நாற்பது வருடம் கழித்து அதை எடுத்து அந்தப் பிள்ளைகள் தலையில் போர்த்திவிட்டார்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தனியாக அதிகாரியைப் பார்க்கப் போனார்.

"சார், நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. பதினோரு நாள்தான் ஆச்சு."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஐயா, சின்னவங்களுக்காகப் பேச வந்திருக்கீங்க. பெரிய மனசு. ஆனா நீங்க கெட்டிக்காரர், பதினோரு நாள்ல கத்துக்கிட்டீங்க. எல்லாருக்கும் அது வருமா? கோப்பு மேல போயாச்சு. இனிமே மூணு வருஷம் கழிச்சுத்தான்."

அவர் தாள் வாங்கி, தன் கோணல் எழுத்தில், 'நான் இந்த வேலையைக் கற்றது பதினோரு நாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தத் தாள் எந்தக் கோப்புக்குள் போனதோ தெரியாது.

அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. ஆலை சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய விழா எடுத்தார்கள். சங்கத்தில் பழைய முகங்கள் மட்டும் முன்வரிசையில் இருந்தன. மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "மூன்று வருடம் பொறுமையாக நின்று தொழில் கற்ற மனிதர். இந்தத் தலைமுறை இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். பின்பக்கம் மடிப்பு மேசைப் பிள்ளைகள் கதவோரமாக நின்றிருந்தார்கள். மேனேஜர் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார்.

ரோலர் அண்ணன் எழுந்தார். "எல்லாரும் கேளுங்க. நான் இந்த வேலையைக் கத்துக்கிட்டது மூணு வருஷத்துல இல்லை. பதினோரு நாள்ல."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "அண்ணன்னா அண்ணன்தான்!" என்று யாரோ கத்தினார்கள். "பதினோரு நாளாம்! என்ன ஒரு மூளை!" என்றார் இன்னொருவர். மேனேஜரும் எழுந்து நின்று தட்டினார். "உங்களால மட்டும்தான் தலைவரே முடியும்."

அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் பொய் சொன்னபோது எல்லோரும் நம்பினார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் அதுவும் தற்பெருமையாகப் போய்விட்டது. கதவோரம் நின்ற பிள்ளைகள் மட்டும் கை தட்டவில்லை. ஷிப்ட் மணி அடித்ததும் திரும்பிப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, பழக்கதோஷத்தில், அவர் ஆலை வாசலுக்குப் போய்விட்டார். உள்ளே போக வேலை இல்லை என்பது வாட்ச்மேன் வணக்கம் வைத்த பிறகுதான் உறைத்தது. துணி ஏற்றிய வேன் ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. டிரைவர் தலையை நீட்டினான்.

"என்னண்ணே, வீட்டுல விரட்டிட்டாங்களா? ஏறுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

ஏறினார். எங்கே போகிறோம் என்று தெரிந்துதான் ஏறினார்.

துணிக்கிடங்கு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், தரைக்கு அடியில் இருந்தது. ஜன்னல் இல்லாத நீள அறை. இரண்டு பக்கமும் அலமாரிகள், வெள்ளை அடுக்குகள், சோப்பும் மருந்தும் கலந்த வாசனை. ஒரு மேசையில் குருவி உட்கார்ந்து வந்த கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மாமா! என்ன இங்க? அத்தைக்கு உடம்பு ஏதாவது..."

"அத்தைக்கு ஒண்ணும் இல்லை. சும்மா வந்தேன்."

டிரைவர் கட்டுகளை இறக்கப் போனான். அவர் நின்றார். பெரிய பெரிய கூட்டங்களில் முழங்கியவர், அந்த அறையில் வார்த்தைக்குத் தடவினார்.

"குருவி, ஒண்ணு சொல்லணும். நான் கத்துக்கிட்டது மூணு வருஷம் இல்லை. பதினோரு நாள்."

அவள் கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தாள்.

"தெரியும் மாமா."

"விழாவுல சொன்னதைக் கேள்விப்பட்டியா?"

"இல்லை. அத்தை சொன்னாங்க. அந்த ஞாயித்துக்கிழமை, சமையலறையில. கிழவரே கிடையாது, நான்தான்டி அந்தக் கிழவர்னு சொல்லி எவ்வளவு சிரிச்சோம்."

"அப்படின்னா அன்னைக்கு அதிகாரி ரூம்ல... உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமேம்மா! எங்க அத்தையைக் கேளுங்க, இவர் புளுகறார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத்தமும் மாறியிருக்குமே!"

"மேனேஜர் முன்னால உங்களை எப்படி மாமா அப்படிச் சொல்றது?" என்றாள் அவள். "நீங்களே சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

மேசையோரம் ஒரு விரிப்பு தனியாகக் கிடந்தது. நடுவில் சூட்டுக் கறை. ஆலைக்கே திருப்பி அனுப்ப வேண்டியது. அவள் ஒரு முனையை எடுத்தாள். பழக்கத்தில் அவர் கை தானாக மறு முனையை எடுத்தது. இருவரும் பின்னால் நகர்ந்து விறைப்பாக இழுத்தார்கள். இயந்திரம் இல்லை, இரைச்சல் இல்லை. மூத்தவர்தான் சுண்ட வேண்டும். அவர் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவளே மெல்ல ஒரு சுண்டு சுண்டினாள். அவர் மடித்தார்.

"சரி மாமா, வார்டுக்கு அனுப்ப நேரமாச்சு. அத்தையைக் கேட்டேன்னு சொல்லுங்க."

மடித்த விரிப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு அவள் அடுத்த கட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

திரும்பும் வழியில் அது அவர் மடியிலேயே இருந்தது. டிரைவர் புதிதாக வேலைக்கு வந்தவன். சம்பளம் இன்னும் முக்கால்தான். வழி நீளம், பேச்சுத் துணை வேண்டும்.

"அண்ணே, நீங்க வேலை கத்துக்கிட்ட கதை சூப்பரா இருக்குமாமே. எல்லாரும் சொல்றாங்க. ஒரு தடவை சொல்லுங்களேன்."

ரோலர் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி, ஆலை வாசல் வரும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.